பெயரிழந்தவனும் மூவிடப்பெயரும்: 'இரத்தப் படலம்' குறித்த ஒரு மொழிபெயர்ப்புத் திறனாய்வு

1. முன்னுரை

பெல்ஜிய எழுத்தாளர் ழான் வான் ஹாமும் ஓவியர் வில்லியம் வான்ஸும் 1984இல் தொடங்கிய சித்திரத் தொடரின் முதற்சுற்று, 2007இல் 19ஆம் பாகத்துடன் நிறைவுற்றது. சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன் காமிக்ஸ் இதனை 'இரத்தப் படலம்' எனத் தமிழில் வெளியிட்டது. 2010இல் 18 பாகங்கள் ஒரே தொகுப்பாக வந்தன. வண்ணப் பதிப்பு 2018இல் வந்தது. சித்திரக்கதை மொழிபெயர்ப்புகள் ஆய்வாளர் கவனத்தைப் பெறுவது அரிது. எனினும் பெயர், மூவிடப்பெயர் ஆகியவை பற்றி இத்தொடர் எழுப்பும் சிக்கல்கள் ஆராயத்தக்கன.

2. எண்ணும் பெயரும்

குண்டடிபட்டுக் கடற்கரையில் ஒதுங்கிய ஒருவனை முதிய தம்பதியர் காப்பாற்றுகின்றனர். நினைவிழந்த அவனுக்கு எஞ்சிய அடையாளம், உடலில் பச்சை குத்தப்பட்ட ரோமன் எண் 13. மூலத்தில் அவ்வெண்ணே தலைப்பு. எண் அஃறிணைப் பெயர்; அது ஆளைக் குறிக்கும்போது எண்ணலளவை ஆகுபெயராகி உயர்திணை முடிபு கொள்கிறது. ஆனால் அந்த எண்ணும் அவனுடையதன்று. ஸ்டீவ் ரோலண்ட் என்னும் சதிகாரனுக்குரியது என்பது பின்னர் தெரியவருகிறது. இரவல் எண்ணே அவன் பெயராகிவிடுகிறது.

தமிழ்த் தலைப்பு எண்ணைக் கைவிட்டது. இதனால் 'யார்' என்னும் வினா தலைப்பிலிருந்து மறைந்தது, இஃது இழப்பே. எனினும் 'படலம்' என்பது காப்பிய உட்பிரிவையும் கண்ணை மறைக்கும் திரையையும் ஒருங்கே குறிக்கும். நினைவு மறைப்புண்டவன் கதைக்கு இவ்விரு பொருளும் பொருந்துகின்றன. ஆகவே இத்தலைப்பு இழப்பை ஓரளவு ஈடுசெய்கிறது.

3. விளிப்பும் உறவும்

நாயகன் ஏற்கும் ஒவ்வொரு பெயரும் ஓர் உறவைக் கொணர்கிறது. ஆலன் என்னும் பெயரால் அவன் முதியவர்களின் இறந்த மகனது இடத்தைப் பெறுகிறான். ஸ்டீவ் ரோலண்ட் எனில் கிம்மின் கணவன். ஜேசன் ஃபிளை எனில் ஜொனாதனின் மகன். பிரெஞ்சு மொழியிலும் முன்னிலையில் மரியாதை வேறுபாடு உண்டு, படர்க்கையில் இல்லை. தமிழிலோ 'அவன்', 'அவர்' என்னும் தேர்வு வினைமுற்று வரை தொடர்கிறது. கிம் அவனை 'நீங்கள்' என்றால் தமிழ்க் குடும்ப மரபு உட்புகும்; 'நீ' என்றால் நெருக்கமோ சினமோ புலப்படும். கதை மாந்தர் அறியாத உறவை இலக்கணம் முன்கூட்டியே அறிவித்துவிடும் இடர்ப்பாடு இங்கு எழுகிறது.

'நான்' என்பது மட்டுமே இதற்கு விலக்கு. இஃது ஆண்பால், பெண்பால் வேறுபாட்டையோ மரியாதையையோ காட்டுவதில்லை. 'நான் யார்?' என்னும் வினா தமிழ் வாசகருக்கு ரமண மகரிஷியின் உபதேச நூலை நினைவூட்டக்கூடும். அங்கு அது பெயர், உருவங்களைக் கடப்பதற்கான விசாரம். இங்கோ பெயரையும் உறவையும் மீட்பதற்கான தேடல்.

4. முடிவுரை

நெடுந்தொடர் மொழிபெயர்ப்பில் ஒரு பாத்திரத்திற்கு ஒரே விளிப்பைத் தொடக்கம் முதல் இறுதி வரை பேணுதல் சீர்மையாகக் கருதப்படுகிறது. இத்தகைய கதையில் அச்சீர்மை குறையாகும். நாயகன் எப்பெயரை ஏற்றிருக்கிறான், பேசுபவர் அதனை நம்புகிறாரா என்னும் இரண்டையும் கொண்டே விளிப்பு அமைய வேண்டும். பாகங்களைத் தனித்தனியே படிக்கும்போது புலப்படாத விளிப்பு முரண், ஒரே தொகுப்பில் வெளிப்பட்டுவிடும். பெயர்தோறும் விளிப்பு அட்டவணை ஒன்றை முன்னரே வகுத்துக்கொள்வது மொழிபெயர்ப்பாளருக்குப் பயன்தரும்.