லூசியாதாஸ் காப்பியத்தில் மிளகும் மலபார் மாந்தரும்

போர்த்துக்கீசியக் கவிஞர் லூயிஷ் டி கமோயிஷ் இயற்றி 1572-இல் லிஸ்பனில் அச்சேறிய 'லூசியாதாஸ்' பத்துக் காண்டங்களை உடையது. 1497-இல் புறப்பட்டு 1498 மே மாதத்தில் கோழிக்கோட்டுக் கரையை அடைந்த வாஸ்கோ ட காமாவின் பயணமே அதன் கதை. ஐரோப்பியக் கடலாதிக்கத்தைப் போற்றும் இக்காப்பியம் தனக்குள்ளேயே அவ்வாதிக்கத்தை ஐயுறுகிறது என்னும் கருத்து திறனாய்வாளரிடையே உண்டு. அதற்குச் சான்றாகக் காட்டப்பெறுவது நான்காம் காண்டத்தில் வரும் ரெஸ்டெலோ முதியவரின் கூற்று.

கப்பல்கள் புறப்படும் வேளையில் கரையில் நிற்கும் அம்முதியவர், புகழாசையும் பொருளாசையும் நாட்டைச் சீரழிக்கும் எனப் பழிக்கிறார். சொற்கள் கடுமையானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் யார்பொருட்டுப் பேசுகிறார் என நோக்குதல் வேண்டும். பகைவன் வாயிலருகே இருக்க, தொலைவிலுள்ளவனைத் தேடிப் போவது ஏன் என்பதே அவர் வினா. வட ஆப்பிரிக்க இசுலாமியரோடு பொருதலே அவர் காட்டும் மாற்றுவழி. கடலுக்கு அப்பால் வாழ்வோர் எய்தப்போகும் இன்னல் அவர் நினைவில் இல்லை. ஆதலின் அவரைக் காலனிய எதிர்ப்பின் குரலாகக் கொள்வது மிகையே.

எட்டாம் காண்டம் இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. உன் அரசன் பேரரசனாயின் அவன் விடுத்த பரிசில் எங்கே எனச் சாமூதிரி வினவுகிறான். இது நாடு காண வந்த பயணமே, மீண்டு வருங்கால் சிறந்த பரிசில் கொணர்வேன் என்பது காமாவின் விடை. அப்பயணத்தில் உடன் சென்ற ஒருவர் எழுதிய நாட்குறிப்போ, கொணர்ந்தவற்றை எண்ணிக் காட்டுகிறது: துணி 12, செந்நிறத் தலைமூடி 4, தொப்பி 6, பவளச் சரம் 4, கைகழுவும் கலம் 6, சர்க்கரைப் பெட்டி ஒன்று, எண்ணெயும் தேனும் இரண்டிரண்டு மிடா. இவற்றைக் கண்டு அரசன் அலுவலர் நகைத்ததையும் அக்குறிப்பு மறைக்கவில்லை. காப்பியத்தில் அந்நகைப்பு இல்லை. காமா மீண்டு வந்தது 1502-இல். அப்போது மெக்கா சென்று திரும்பிய பயணிகளோடு ஒரு கப்பல் எரியூட்டப்பட்டது. கோழிக்கோடு பீரங்கிக்கு இலக்காயிற்று. வாக்களித்த பரிசில் அதுதான் போலும்!

கவிஞர் மறைக்காத ஓரிடமும் உண்டு. ஒன்பதாம் காண்டத்தின் பதினான்காம் செய்யுள், தாயகம் திரும்பும் காமா கொண்டு செல்வனவற்றை அடுக்கிக் கூறுகிறது. சாமூதிரி அனுப்பியோருள் வலிந்து பிடிக்கப்பெற்ற மலபார் மாந்தர் சிலர், விலைக்கு வாங்கிய மிளகு, பாந்தாத் தீவின் சாதிபத்திரி, சாதிக்காய், மொலுக்காவின் கிராம்பு, இலங்கையின் இலவங்கப்பட்டை என அது விரிகிறது. மாந்தருக்கும் மிளகுக்கும் மூலத்தில் 'கொண்டு செல்கிறான்' என்னும் ஒரே வினையே மீண்டும் வருகிறது. உயர்திணை, அஃறிணை என்னும் பாகுபாட்டில் பழகிய தமிழ் வாசகர்க்கு இவ்வடுக்கு உறுத்தும். அங்குள்ள வேறுபாடு ஒன்றே: மிளகுக்கு விலை தரப்பட்டது. கவிஞர் இதனைக் கண்டனமாக அமைக்கவில்லை. வெற்றிக்குரிய பேறுகளின் வரிசையாகவே அமைத்தார். அதனாலேயே முதியவரின் சினத்தினும் இச்செய்யுள் வலிய சான்றாகிறது.

இதே கரையின் மிளகைப் பாடும் பழம்பாடல் ஒன்று ஈண்டு ஒப்பிடத்தக்கது. எருக்காட்டூர்த் தாயங்கண்ணனாரின் அகநானூற்று 149-ஆம் பாடலில், யவனர் கலங்கள் பொன்னைத் தந்து மிளகைப் பெற்று மீள்கின்றன. முசிறி வாணிகம் போரறியா வாணிகம் என்று இதனைக்கொண்டு முடிவு கட்டுதல் ஆகாது. செழியன் அம்முசிறியை வளைத்துப் பொருது படிமத்தைக் கவர்ந்ததையும் அப்பாடலே கூறுகிறது. ஆனால் அங்கு மிளகு கொள்ள வந்தவன் வேறு, ஊரை வளைத்தவன் வேறு. 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டின்றிப் பிறர் கலங்கள் இக்கடலில் செல்லலாகாது எனப் பின்னர் விதித்தவர்களிடத்தில் இவ்விருவரும் ஒருவராயினர். கமோயிஷின் செய்யுளில் மிளகும் சிறைப்பட்டோரும் ஒரே கப்பலில் ஏறுவது இதனால்தான்.