ஒரு ரூபாய் அஞ்சல்தலையில் எஸ்.எல்.வி-3

1981 ஜூலை 18 அன்று இந்திய அஞ்சல் துறை எஸ்.எல்.வி-3 ராக்கெட்டுக்காக ஒரு ரூபாய் அஞ்சல்தலை வெளியிட்டது. ஓராண்டுக்கு முன் அதே தேதியில்தான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அந்த ராக்கெட், 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. 1979 ஆகஸ்ட் 10 அன்று நடந்த முதல் முயற்சி கடலில் முடிந்திருந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம், திருச்சி தெப்பக்குளத்தை ஒட்டிய செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். அங்கே அவரோடு படித்த ஸ்ரீரங்கத்து ரங்கராஜன்தான் பிற்காலத்தில் அறிவியலைத் தமிழ் வாசகருக்குச் சுவையாகச் சொன்ன சுஜாதா. ஆகவே திருச்சிக்காரர்கள் இந்தத் தலையைச் சொந்த ஊர்ச் சமாசாரமாகவே கருதலாம்.

இந்திய விண்வெளித் தலைகளின் வரிசை இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1972 டிசம்பர் 30 அன்று, விக்ரம் சாராபாயின் முதலாம் நினைவு நாளில், அவர் உருவத்தோடு ரோகிணி ராக்கெட்டும் புறாவும் கொண்ட 20 பைசா தலை வந்தது. ஆரியபட்டா செயற்கைக்கோள் 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் மண்ணிலிருந்து ஏவப்பட்டது. அதற்கான 25 பைசா தலை மறுநாளே வெளியாயிற்று. அப்படியானால் அது மேலே போகுமா என்று தெரியும் முன்பே தாள்கள் அச்சாகியிருக்க வேண்டும். அமெரிக்கா 1962இல் இதே துணிச்சலை ரகசியமாகச் செய்தது: விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றித் திரும்பும்வரை, அவர் பறந்த மெர்குரி திட்டத்துக்கான தலைகள் முத்திரையிட்ட கட்டுகளில் அஞ்சலகங்களில் காத்திருந்தன.

ஆப்பிள் செயற்கைக்கோளுக்கு 1982இலும், ராகேஷ் சர்மாவின் விண்வெளிப் பயணத்துக்கு 1984 ஏப்ரல் 3 அன்று, அவர் கிளம்பிய நாளிலேயே, மூன்று ரூபாயிலும் தலைகள் வந்தன.

இவற்றை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். போட்டோகிராவூர் முறையில் அச்சான தலையில் வானம் என்று தோன்றுவது நெருங்கிப் பார்த்தால் பொடிப் புள்ளிகளின் கூட்டம். 1969இல் அமெரிக்கா வெளியிட்ட நிலவுத் தலையிலோ செதுக்கிய கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும். அதன் மூல அச்சு அப்போலோ 11இல் நிலவுக்கே போய் வந்தது. அந்தப் பெருமையும் அந்தச் செதுக்கல் நயமும் நம் தலைகளுக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவற்றின் அழகு வேறு. செய்த வேலையை ஆர்ப்பாட்டமில்லாமல், தேதி தவறாமல் பதிவு செய்வது.

கலாமின் உருவம் தாங்கிய ஐந்து ரூபாய் தலை, அவர் மறைந்த ஆண்டில், 2015 அக்டோபர் 15 அன்று அவரது பிறந்தநாளில் வெளியானது. தலைவருக்குச் செய்யும் மரியாதை அது. ரசனைக்குரியது 1981இன் ராக்கெட்தான். சேகரிக்கத் தொடங்குபவர்கள் வெறும் தலையோடு நின்றுவிடாமல், ஜூலை 18 என்ற தேதி முத்திரையில் தெளிவாக விழுந்த முதல் நாள் உறையாகப் பார்த்து வாங்குவது நல்லது.