மஞ்சள் காமாலைப் பிரமாணம்

ஆஜராகாததால் தள்ளுபடியான மேல்முறையீட்டை மீண்டும் கோப்புக்கு எடுப்பது பற்றிப் பேச்சு வந்தால் வழக்கறிஞர் சங்க அறையில் ஒரே பதில்தான் கிடைக்கும்: வக்கீல் செய்த தவறுக்குக் கட்சிக்காரர் ஏன் கஷ்டப்பட வேண்டும்? உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி டி.ஏ. தேசாய் 1981இல் எழுதிய தீர்ப்பு இந்த வாதத்துக்கு ஆதாரம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதைக் கருணை என்றே கொண்டாடுகிறார்கள். அந்தக் கருணைக்குப் பணம் கட்டுகிறவர் யார் என்று பார்த்தால் கொண்டாட்டம் கொஞ்சம் அடங்கும்.

இந்த நடைமுறையின் நல்ல பக்கத்தை மறுக்க முடியாது. முதல் மேல்முறையீடு சட்டம் தந்த உரிமை. சாட்சியத்தை இன்னொரு நீதிபதி முழுதாகப் படித்துப் பார்க்கும் கடைசி வாய்ப்பும் பெரும்பாலும் அதுதான். அது ஒரு நாள் வராமையால் போய்விடக் கூடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41 விதி 17இன்படி மேல்முறையீட்டாளர் வராவிட்டால் தள்ளுபடி செய்யலாம். ஆனால் வழக்கின் தகுதியைத் தீர்மானிக்கக் கூடாது என்று 1976 திருத்தம் தெளிவாக்கியது. போதிய காரணம் காட்டினால் விதி 19இன்படி மீண்டும் எடுக்கலாம். கெடு முப்பது நாள். அது தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் இன்னொரு மனு. ஏற்பாட்டில் குறையில்லை.

குறை அந்த மனுவோடு வரும் பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது. கட்சிக்காரர் அதில் சத்தியம் செய்து சொல்வது என்ன? மஞ்சள் காமாலை வந்தது, நாட்டு வைத்தியம் பார்த்தேன், படுத்த படுக்கையாக இருந்தேன், ஆகவே என் வக்கீலுக்குத் தகவல் சொல்ல முடியவில்லை. சான்றிதழ் கேட்கக் கூடாதென்றே ஆங்கில மருத்துவரை விட்டுவிட்டு நாட்டு வைத்தியரைப் பிடிக்கிறார்கள். ஆனால் மேல்முறையீட்டில் கட்சிக்காரருக்கு என்ன வேலை? சாட்சிக் கூண்டு பெரும்பாலும் இல்லை. மேல்முறையீட்டுக் காரணங்கள் தாக்கல் செய்த அன்றே எழுதப்பட்டுவிட்டன. கீழ்க் கோர்ட் ஆவணங்கள் கட்டில் இருக்கின்றன. எழுந்து நின்று வாதாட வேண்டியவர் வக்கீல் ஒருவரே. கட்சிக்காரருக்குக் காமாலை உண்மையாகவே வந்திருந்தாலும் அன்று வழக்கு அழைக்கப்பட்டபோது வக்கீல் ஏன் இல்லை என்பதற்கு அது பதிலாகாது. கேள்வியே தவறான ஆளிடம் போகிறது. பொய் சொல்லும் வேலை அவர் தலையில் விழுகிறது. பலர் அதைப் படித்துப் பார்க்காமலேயே கையெழுத்துப் போடுகிறார்கள்.

மூன்று கோர்ட்டில் ஒரே நேரத்தில் வழக்கு, குமாஸ்தா தேதியைத் தவறாகக் குறித்தார் என்று வக்கீல்கள் சொல்வார்கள். இருக்கட்டும். அதை அவர்களே எழுதிக் கொடுக்கலாமே!

மனு அனுமதிக்கப்படும்போது, “செலவுத் தொகை கட்டினால்” என்ற நிபந்தனை வரும். கட்டுவதும் கட்சிக்காரரே. 1981 தீர்ப்பில் எல்லோரும் மறந்துவிட்ட பகுதி இதுதான்: வராத வக்கீலிடமிருந்தே இருநூறு ரூபாய் செலவுத் தொகையை வசூலிக்கச் சொன்னார் தேசாய். அவருடைய கருணைக்கு விலை இருந்தது, அதைக் கட்ட வேண்டியவர் யார் என்பதும் தெரிந்தது. நாம் கருணையை வைத்துக்கொண்டு பில்லைக் கட்சிக்காரரிடம் நீட்டினோம். வேலைநிறுத்தத்தால் வக்கீல் வராத ஒரு வழக்கில், கட்சிக்காரர் கட்டும் தொகையில் பாதியை வக்கீல் நிறுவனத்திடம் வசூலித்துக்கொள்ள 2000இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கோர்ட் புறக்கணிப்புக்குப் பேர்போன சென்னையில் அந்தப் பாதி எத்தனை முறை வசூலாகியிருக்கும்?

1998இல் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு சென்னை வழக்கு இதையெல்லாம் ஒரே இடத்தில் காட்டுகிறது. அது மேல்முறையீடு அல்ல, ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோரிய மனு. ஆனால் நோய் அதேதான். மனு ஆஜராகாமையால் தள்ளுபடியானதை வக்கீல் சொல்லவே இல்லை. தீர்ப்பை நிறைவேற்றும் நடவடிக்கையில் சம்மன் வந்தபோதும் புது வக்காலத்தில் கையெழுத்தும் 2,000 ரூபாயும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு தொழிலை விட்டு ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். 883 நாள் தாமதம். நீதிபதி கே.டி. தாமஸ் அதை மன்னித்தார், எதிர்த்தரப்புக்கு 10,000 ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த மனுதாரர் அதற்குள் நுகர்வோர் மன்றத்தில் அதே வக்கீலிடமிருந்து 50,000 ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவு வாங்கியிருந்தார். அந்த வழக்கில் கணக்கு ஓரளவு நேரானது.

அந்த வழியையும் 2024 மே மாதம் அடைத்துவிட்டார்கள். வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிச்சம் இருப்பது பார் கவுன்சில் புகார். அங்கே எச்சரிக்கலாம், இடைநீக்கம் செய்யலாம், பெயரையே நீக்கலாம். கட்சிக்காரருக்குக் காசு வாங்கித் தர முடியாது. அல்லது தனியாக ஒரு சிவில் வழக்குப் போடலாம். அதற்கும் ஒரு வக்கீலைப் பிடிக்க வேண்டும்.

கட்சிக்காரர் எப்போது வேண்டுமானாலும் வக்கீல் மேல் பழிபோட்டுத் தப்ப முடியாது என்று 1993இலேயே உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. அது கல்கத்தா கம்பெனி ஒன்றின் வழக்கு. படிக்காத கிராமத்தாருக்குக் காட்டும் சலுகை கம்பெனிக்கு இல்லை என்பது நியாயம்தான். விளைவு என்ன? அபிடவிட்களில் எல்லோரும் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளாகிவிட்டார்கள்.

எதிர்த்தரப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மேல்முறையீடு தள்ளுபடியானதும் தடையுத்தரவு போய்விட்டது என்று நம்பி, நிறைவேற்று மனு போட்டு, அமீனாவுக்குப் பேட்டா கட்டிக் காத்திருப்பார். சில மாதம் கழித்து நோட்டீஸ் வரும், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அவருக்குக் கிடைக்கும் செலவுத் தொகை பல சமயம் அன்றைய வக்கீல் ஃபீஸுக்குக்கூடக் காணாது.

மேல்முறையீட்டை மீண்டும் எடுக்கக் கோரும் மனுவோடு, அன்று வராத வக்கீல் கையெழுத்திட்ட மெமோ ஒன்றையும் கோர்ட் கேட்டால் போதும்: அன்று எங்கே இருந்தேன், ஏன் வரவில்லை. காரணம் நிற்காவிட்டால் செலவுத் தொகை அவருடையது, மேல்முறையீடு எப்படியும் கோப்புக்குத் திரும்பட்டும். தான் சாட்சியாகும் வழக்கில் வக்கீல் வாதாடக் கூடாது என்ற பார் கவுன்சில் விதியை உடனே எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் வழக்கின் விஷயத்துக்கும் வக்கீல் வராமைக்கும் சம்பந்தமில்லை. கோர்ட் அதிகாரி என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவர் கோர்ட்டுக்கு ஒரு வரி விளக்கம் தருவதை எந்த விதியும் தடுக்கவில்லை. சட்டத் திருத்தம் தேவையில்லை, சார்பு நீதிபதி ஒருவர் நாளைக் காலையே தொடங்கலாம். சங்கம் தீர்மானம் போட்டுப் புறக்கணிக்கும். அன்றைக்குத் தள்ளுபடியாகும் வழக்குகளுக்கும் மெமோ கேட்க வேண்டியதுதான்.