கை தூக்கும் முன் கண் பழக வேண்டும்

நாணய ஏலத்துக்குப் புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏலம் தொடங்கும் நேரத்துக்குத்தான் போய்ச் சேருகிறார்கள். உண்மையான சுகம் அதற்கு முன்பே, நாணயங்களைப் பார்வைக்கு வைத்திருக்கும் மேசையில் இருக்கிறது. அங்கே நிதானமாக உட்கார்ந்து பார்த்தவர் ஏமாறுவது அரிது.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911 வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னரின் அங்கியில் ஒரு குட்டி யானை உண்டு. தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் அது பன்றி போலத் தெரிந்தது. முஸ்லிம் மக்களிடம் எதிர்ப்பு கிளம்ப, அரசு நாணயத்தைத் திரும்பப் பெற்றது. 1912இல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். சேகரிப்பாளர்கள் 1911ஆம் ஆண்டு நாணயத்தை இன்றும் ‘பன்றி ரூபாய்’ என்றே சொல்கிறார்கள்.

இப்போது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுங்கள். ஆண்டு 1911 என்றிருந்து, யானைக்குத் தும்பிக்கை நீளமாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிந்தைய நாணயத்தில் யாரோ எண்ணை மாற்றியிருக்கலாம். எடை 11.66 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். விளிம்பில் ஒட்டுக்கோடு ஓடினாலோ, பரப்பில் பொடிப்பொடியாகக் குழிகள் தெரிந்தாலோ அது வார்ப்புப் போலியாக இருக்கக்கூடும்.

அடுத்து, நாணயத்தை விளக்கொளியில் மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். நாணயச் சாலையிலிருந்து வந்த பளபளப்பு கெடாமல் இருந்தால், ஒளி பட்டையாக நாணயத்தைச் சுற்றி வரும். தேய்த்துத் துலக்கிய நாணயமும் மின்னும்; ஆனால் அதில் ஒளி சுழலாது, ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் தெரியும். பளிச்சென்று துலக்கியதைவிட, கறுத்துப்போனாலும் கை படாததற்கே மதிப்பு அதிகம். இந்த வித்தியாசம் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு மறக்காது.

விலையை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அதே நாணயம், அதே தரத்தில், முந்தைய ஏலங்களில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். கடையில் கேட்கும் விலையை அளவுகோலாக வைக்காதீர்கள். ஏல நிறுவனத்தின் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். 5,000 ரூபாய்க்கு ஏலம் கேட்டு, கட்டணம் 15 சதவீதம் என்றால் 5,750 ஆகிவிடும். வரியும் அனுப்பும் செலவும் தனி. மொத்தத்தில் உங்களால் எவ்வளவு முடியும் என்று முதலில் வைத்து, அதிலிருந்து இறங்கி வந்து கேட்கும் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் வேகத்தில் அந்த எண்ணைத் தாண்டவே கூடாது. ஆசை அடங்காது என்று தோன்றினால், உச்ச விலையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று: நூறு ஆண்டு கடந்த நாணயம் சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

முதல் சில ஏலங்களில் எதையும் வாங்காமல் திரும்பினாலும் நஷ்டமில்லை. பார்த்த நாணயங்களுக்கு நீங்களே ஒரு விலை எழுதிவைத்து, போன விலையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் நெருங்கி வரத் தொடங்கும்போது நீங்கள் ஏலம் கேட்கத் தயார்.