வண்டும் பட்டாணியும்

'காபரே' என்றதும் நம் வாசகருள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பழைய திரைப்படங்கள் அச்சொல்லுக்கு நம்மிடையே தந்துவிட்ட பொருள் அப்படி. செருமானிய மொழி வழங்கும் நாடுகளிலோ அது வேறு: சிறியதோர் அரங்கு, ஓரிரு கலைஞர், ஓர் இசைக்கருவி, ஆள்வோரையும் அவையோரையும் ஒருசேரக் குத்தும் அங்கதம். சுவிட்சர்லாந்தில் இக்கலையை இலக்கியமாக உயர்த்தியோருள் ஒருவர் பிரான்ஸ் ஹோலர்.

1943இல் பீல் நகரில் பிறந்து ஓல்டனில் வளர்ந்த இவர், 1965இல் சூரிக் பல்கலைக்கழக நிலவறையில் தம் முதல் தனிநிகழ்ச்சியை அரங்கேற்றினார். பின்னர்ப் படிப்பையே விட்டார். செல்லோ இசைக்கருவி மேடைத் துணையாயிற்று. அங்கதத்துக்கு விலையும் கொடுத்தார். 1982இல் அவருக்குப் பரிந்துரைக்கப்பட்ட இலக்கியப் பரிசைச் சூரிக் மாநில அரசு மறுத்தது. மறு ஆண்டு, படைச்சேவையை மறுப்பவனைப் பற்றிய பாடலைத் தொலைக்காட்சி ஒளிபரப்ப மறுக்கவே, தம் நிகழ்ச்சித் தொடரை அவரே நிறுத்திக்கொண்டார்.

அவருடைய படைப்புகளுள் இரண்டு என்னை விடாமல் தொடர்கின்றன. ஒன்று, 1973இல் வந்த 'உலக முடிவு' என்னும் கதைப்பாடல். அதில் எக்காளமில்லை, நெருப்பு மழையில்லை. தென் பசிபிக் தீவொன்றில் அழுக்கு வண்டு ஒன்று மறைந்துபோகிறது. தொல்லை ஒழிந்ததென மக்கள் மகிழ்கின்றனர். பின், விடியற்காலைப் பறவை ஒலிகளில் ஒரு குரல் குறைகிறது. அப்பறவையின் உணவே அவ்வண்டுதான். அங்கிருந்து சங்கிலி நீள்கிறது. ஆமோசின் அயலார் இவர் என்பேன். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் புழுபூச்சிகளுக்காகவும் வழக்காடியபோது எனக்கு இப்பாடலே நினைவில் எழுந்தது.

மற்றொன்று 'படைப்பு' என்னும் சிறுகதை. தொடக்கத்தில் கடவுள் மட்டுமே இருக்கிறார். ஒருநாள் பட்டாணி நிறைந்த பெட்டியொன்று அவருக்கு வருகிறது. காய்கள் வெடித்துப் பட்டாணிகள் சிதறி அண்டமாகின்றன. அவற்றுள் ஒன்றில் தோன்றிய மனிதர் படைத்தவர் அவரே எனத் தொழுகின்றனர். அவர் மறுப்பதில்லை, பெட்டியை அனுப்பியவர் யாரென்றே யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இதைத் தெய்வநிந்தனை என்று நான் சொல்லமாட்டேன். கடவுளைப் படைத்தவர் யார் என மறைக்கல்வி வகுப்பில் சிறுவர் கேட்பதும் இதுவே. விண்ணும் மண்ணும் உண்டாகுமுன் கடவுள் என்ன செய்தார் என்ற வினாவுக்கு, துருவிக் கேட்போருக்காக நரகத்தை ஆயத்தம் செய்தார் என ஒருவர் வேடிக்கையாகச் சொன்னதைப் புனித அகுஸ்தினார் விடையாக ஏற்கவில்லை. நகைத்துத் தள்ளுவது வேறு, விடையளிப்பது வேறு என்றார். நாமும் ஹோலரை அதட்டி அடக்கலாகாது.

என் மனத்தாங்கல் வேறு. வண்டுக்காக இத்துணை வழக்காடும் கலைஞர், அவ்வழக்கைக் கேட்கும் நடுவரை ஏன் அகற்றிவிட்டார்? தொடக்கநூலின் இறைவன் ஊர்வனவற்றையும் நோக்கி, நல்லது எனக் கண்டவர். ஆகவே ஒன்று அழிந்தால் அவரிடம் கணக்குண்டு. ஹோலரின் கடவுளோ இன்னும் அப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வண்டு மறைந்தது அவருக்குத் தெரியாது.