நாளொரு பதிவும் தேதியற்ற கட்டுரையும்

எழுத்தாளரின் இணையதளம் அவருடைய சொந்தப் பத்திரிகை என்றும், அதில் நாள் தவறாமல் எழுதிவந்தால் வாசகரும் வாய்ப்பும் தாமாகவே வந்துசேரும் என்றும் ஓர் எண்ணம் தமிழ்ச் சூழலில் வேரூன்றிவிட்டது. எந்த இதழிலும் மாதச் சம்பளத்துக்கு அமராமல், கட்டுரைக்கு இவ்வளவு எனச் சன்மானம் பெற்று எழுதும் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் இதை விதியாகவே ஏற்றுக்கொண்டு, சேலம் அம்மாபேட்டையில் இருந்தாலும் நாமக்கல்லில் இருந்தாலும், தளம் தொடங்கிய கையோடு நாளொரு பதிவு என்று கிளம்பிவிடுகிறார்கள். இதற்குச் சான்றாக எப்போதும் காட்டப்படுவது எழுத்தாளர் ஜெயமோகனின் தளம். ‘அறம்’ வரிசைக் கதைகள் 2011-இல் வெளிவந்ததும், ‘வெண்முரசு’ 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை 26 நாவல்களாக விரிந்ததும் அங்கேதான். அத்தனை பெரிய ஆக்கத்தை எந்த அச்சிதழும் தாங்கியிருக்காது. ஆயினும், 1997-இல் வந்த ‘விஷ்ணுபுரம்’ தொட்டே வாசகரைப் பெற்றிருந்த, தொலைபேசித் துறைப் பணியையும் பின்னர் திரைப்பட எழுத்தையும் வருமானமாகக் கொண்டிருந்த ஒருவருக்குத் தளம் வேலை தேடித்தர வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அடுத்த மாத வாடகைக்கு அடுத்த கட்டுரையை நம்பியிருப்பவருக்கு அந்தச் சான்று எவ்வகையிலும் பொருந்தாது.

தளம் வேண்டியதே இல்லை என்பது இங்கு வாதமன்று. எழுதுவதையே நிறுத்திக்கொள்வதாக நாவலாசிரியர் பெருமாள்முருகன் 2015 ஜனவரியில் அறிவித்தது முகநூலில். இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட அந்த அறிவிப்புக்குக்கூட ஓர் அயல் நிறுவனத்தின் பக்கமே களமாயிற்று. இரவல் இடம் எவ்வளவு நிலையற்றது என்பதற்கு, 2009 அக்டோபரில் யாஹூ தன் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது அங்கிருந்த தமிழ்ப் பக்கங்கள் முகவரி இழந்ததே போதும். சொந்தப் பெயரில் ஒரு முகவரி நல்லது. ஒருங்குறி பரவியபின் தமிழில் தளம் அமைப்பதும் எளிதாகிவிட்டது. கேள்வி, அந்த முகவரியில் என்ன வைக்கப்படுகிறது என்பதே.

வேர்ட்பிரஸ், பிளாகர் போன்ற மென்பொருள்கள் புதிய பதிவை மேலேயும் பழையதைக் கீழேயும் அடுக்கும் நாட்குறிப்பு முறையில் பிறந்தவை. அதை மாற்றி அமைக்க வழியிருந்தும் பெரும்பாலோர் மாற்றுவதில்லை. விளைவைக் காண, ஒரு வார இதழின் துணை ஆசிரியர் சேலம் வெண்பட்டு பற்றிய கட்டுரைக்கு ஆள் தேடி ஓர் அம்மாபேட்டை எழுத்தாளரின் தளத்துக்குள் நுழைவதாகக் கொள்ளலாம். முகப்பில் பொங்கல் வாழ்த்து, அதன் கீழே ஒரு திரைப்படம் பற்றிய நான்கு வரி, அதற்கும் கீழே புத்தகக் கண்காட்சியில் எடுத்த புகைப்படம் என்று நீண்டுகொண்டே போகும் அந்த வரிசையில், வேலையை உறுதிசெய்திருக்கக்கூடிய நெசவாளர் கட்டுரை ஓராண்டுக்கு முந்தைய பக்கத்தில் புதைந்து கிடக்கிறது. தேடிப் பிடித்தாலும் அது கட்டுரையாக இல்லை. இதழின் பக்கத்தைக் கைப்பேசியில் சாய்வாகப் படமெடுத்து ஏற்றியிருக்கிறார்கள். தலைப்புக்காக நெருக்கி வெட்டியதில் இதழின் பெயரும் தேதியும் பக்க எண்ணும் போய்விட்டன. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி பெரும்பாலும் கட்டுரையாகக் கணக்கில் கொள்வதுமில்லை.

முதல் வெளியீட்டு விவரம், அதாவது ஒரு கட்டுரை எந்த இதழில், எந்தத் தேதியில் முதன்முதலில் அச்சாயிற்று என்னும் குறிப்பு இல்லாமை, தமிழ் எழுத்தாளர் தளங்களின் தலையாய குறை. தட்டச்சு செய்து ஏற்றப்பட்ட கட்டுரைகளிலும் நிலைமை இதுவே. அங்கே காணப்படுவது ஏற்றிய தேதி மட்டும். 2009-இல் எழுதி 2021-இல் ஏற்றிய கட்டுரை 2021-இன் கட்டுரையாகவே வாசிக்கப்படுகிறது. அதிலுள்ள கூலியும் நூல் விலையும் பன்னிரண்டு ஆண்டுகள் தாண்டிக் குதித்து, அதை மேற்கோள் காட்டுபவரையும் பிழைக்குள் இழுக்கின்றன. அம்மாபேட்டையில் கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்யும் நெசவாளருக்குக்கூட, பெற்ற நூலும் கொடுத்த சேலையும் தேதியோடு ஏறும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. அதே தெருவில் எழுதிப் பிழைப்பவருக்கு அது இல்லை.

இக்குறையின் விலை தமிழுக்குத் தெரியாததன்று. எழுத்தையே தொழிலாகக் கொண்டிருந்த புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தார். அவருடைய கதைகள் முதலில் வந்த இதழையும் தேதியையும் தேடித் தொகுத்துக் கால வரிசைப்படுத்திய ஆ. இரா. வேங்கடாசலபதியின் செம்பதிப்பு, காலச்சுவடு வெளியீடாக வந்தது 2000-இல். அரை நூற்றாண்டு கழித்து ஓர் ஆய்வாளர் நூலகம் நூலகமாக அலைந்து செய்த வேலையை, இன்றைய எழுத்தாளர் கட்டுரை வெளியான அன்றே ஒரு வரியில் முடித்துவிடலாம். ‘கல்கி’ போன்ற நெடுங்கால இதழே 2020-இல் அச்சை விட்டு இணையத்துக்கு மாறியதைக் கண்டபின்னும், இதழே தன் ஆவணத்தைக் காக்கும் என்று இருந்துவிடுவது பேதைமை.

பணமும் இதில் அடங்கியிருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் எழுதுபவரே பொதுவாகத் தம் எழுத்தின் முதல் உரிமையாளர். உரிமை மாற்றம், அதாவது அவ்வுரிமையைப் பிறருக்கு அளித்தல், கையொப்பமிட்ட எழுத்து மூலமே செல்லும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது 5 ஆண்டு, எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா என்று 19-ஆம் பிரிவு கொள்கிறது. தொகுப்பு நூலுக்கோ மொழிபெயர்ப்புக்கோ ஒருவர் அனுமதி கேட்கும்போது எந்தக் கட்டுரையின் உரிமை யாரிடம், எப்போதுமுதல் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் தேதி வேண்டும். தேதி தெரியாத எழுத்தாளர் தம் உரிமையைத் தாமே கைநழுவ விடுகிறார்.

நாளொரு பதிவு இந்த இழப்பைப் பெருக்கவும் செய்கிறது. படைப்பு வேறெங்கும், இணையத்திலும் சமூக ஊடகத்திலும்கூட, வெளிவராதது என்ற உறுதிமொழியைப் பல தமிழ் இதழ்கள் கேட்கின்றன. நல்ல பொருளையெல்லாம் தளத்தில் இலவசமாகச் செலவிட்டவருக்கு விற்பதற்கு எஞ்சுவது குறைவு. தேதி போட்டால் கட்டுரை பழையதாகத் தோன்றும், வாசகர் விலகிப்போவார் என்பது தேதியிடாத வழக்கத்தின் ஆதரவாளர்கள் சொல்லும் மறுப்பு. பழையது பழையதாகத் தெரிவதில் என்ன கேடு? உண்மையில் அது சோம்பலுக்குத் தேடிக்கொண்ட சாக்கு. இணையதள வடிவமைப்பு நிலையங்களும் இதற்குத் துணைபோகின்றன: நகரும் படங்களும் வருகையாளர் எண்ணிக்கையும் வாட்ஸ்அப் பொத்தானும் ஒரே தொகுப்பாக விற்கப்படுகின்றன, வெளியீட்டுப் பட்டியல் என்றொரு பக்கம் அத்தொகுப்பில் இருப்பது அரிது. ‘என்னைப் பற்றி’ என்ற பக்கத்தில் பிறந்த ஊரின் ஆற்றைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. எதைப் பற்றி எழுதுவார், எந்த மின்னஞ்சலில் கிடைப்பார் என்பது இல்லை.

ஃப்ரீலான்ஸ் எழுத்தாளரின் தளத்துக்கு முகப்பில் துறைவாரியாக ஐந்தாறு தேர்ந்த கட்டுரைகள், ஒவ்வொன்றின் அடியிலும் இதழ், தேதி, பக்கம், திருத்தியிருந்தால் திருத்திய நாள், தனிப்பக்கத்தில் ஆண்டுவாரியான முழுப் பட்டியல், தொடர்பு முகவரி ஆகியவை போதும். புதிதாக ஒன்று அச்சேறும்போது மட்டும் அதைத் தொட்டால் போதுமானது. தள முகவரிக்கு ஆண்டுக் கட்டணம் கட்டும் நாள் வரும்போது, கட்டுவதற்கு முன் எழுத்தாளர்கள் பழைய இதழ்க் கட்டை இறக்கிவைத்து, தளத்திலுள்ள ஒவ்வொரு கட்டுரைக்கும் அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். அதுவரை புதிய பதிவு எதையும் எழுத வேண்டாம்.