ஆறாவது விரல்

ஹெமிங்வே பற்றிய எந்தப் பேச்சையும் பூனையில் கொண்டுபோய் முடித்துவிடுகிறவன் என்று நண்பர்களிடையே எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. நியாயமான கெட்ட பெயர்தான். பன்னிரண்டு வயதில், வாடகை நூலகத்துப் பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில், ஃப்ளாரிடாவின் கீ வெஸ்ட் தீவில் அவர் குடியிருந்த வீட்டுப் பூனை ஒன்றின் படத்தைப் பார்த்தேன். முன்னங்கால்களில் கட்டைவிரல்போல ஒவ்வொரு விரல் அதிகம். கையுறை மாட்டிவிட்ட குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்போது ஹெமிங்வேயில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. அன்றிலிருந்து இந்த ஜாதிப் பூனைகள்மேல் எனக்கு ஒரு பித்து. ஒன்றையும் இதுவரை நேரில் பார்த்ததில்லை.

பூனைக்குச் சாதாரணமாக முன்கால்களில் ஐந்தைந்தும் பின்கால்களில் நான்கு நான்குமாக 18 விரல்கள். கீ வெஸ்ட் வீட்டில் சுமார் அறுபது பூனைகள். ஏறக்குறைய பாதிக்கு அதிகப்படி விரல் உண்டு. கப்பல்தலைவர் ஒருவர் ஹெமிங்வேக்குக் கொடுத்த வெள்ளைப் பூனையின் வம்சம் என்பது ஐதீகம். அவர் அங்கே வாழ்ந்தது 1930களில். வீடு மியூசியமானது 1964இல். அந்த வீட்டில் அவர் பூனை வளர்த்தாரா என்பதே சர்ச்சைக்குரியது. பூனைகள் திரளாக இருந்தது பிற்பாடு கியூபா வீட்டில். ஆனால் ஐதீகத்துக்கு நிரூபணம் எதற்கு? 2012இல் அப்பீல் கோர்ட்டு இந்தப் பூனைகளை மத்திய மிருகநலச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. 2017இல் இர்மா புயலில் அங்கிருந்த 54 பூனைகளும் பிழைத்துக்கொண்டன. ஆசிரியரைவிட அவை ஸ்திரமாக இருக்கின்றன.

என் சங்கடம் வேறு. ‘மழையில் பூனை’ கதையை (1925) நமது சென்ற கூட்டத்துக்காகத் தமிழில் செய்து படித்தேன். இத்தாலிய ஹோட்டல், மழை, கட்டிலில் படித்துக்கொண்டிருக்கும் கணவன், சொட்டும் மேஜையின் அடியில் ஒடுங்கிய பூனை. மனைவி கீழே இறங்கிப் போகிறாள், பூனையைக் காணோம். கடைசியில் வேலைக்காரி ஆமையோட்டு நிறத்தில் ஒரு பெரிய பூனையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அதே பூனையா, வேறா என்று கதை சொல்வதில்லை. அதைப் பற்றி ஆங்கில விமர்சகர்கள் நிறைய எழுதியாகிவிட்டது.

கதைசொல்லிக்கு அது எப்போதும் ‘கேட்’. ஆசை மீறும்போது அவள் வாயில் மட்டும் ‘கிட்டி’ ஆகிவிடுகிறது. நான் ‘பூனைக்குட்டி’ என்று போட்டேன். தமிழ் இயல்பாக வந்து விழுந்ததில் உள்ளூரச் சந்தோஷம்கூட. கூட்டம் முடிந்ததும் ஒரு நண்பர், “கடைசியில் வேறு பூனை வருவது நல்ல ஏமாற்றம்” என்றார். பகீரென்றது. ‘கிட்டி’ கொஞ்சல், பூனையின் அளவைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. குட்டி என்று நான் எழுதியதுமே மழையில் இருந்தது சின்னது, கையில் வந்தது பெரியது, ஆகவே வேறு என்று தீர்ந்துபோயிற்று. ஹெமிங்வே வாய் திறக்காத இடத்தில் தமிழ் பதில் சொல்லிவிட்டது. கதைக்கு ஒரு விரல் முளைத்துவிட்டது.

இதை உவமையாக மட்டும் சொல்லவில்லை. கீ வெஸ்ட் பூனைகளை வைத்து 2008இல் வெளியான ஆராய்ச்சி எனக்கு மனப்பாடம். விரல்களை வகுக்கும் ஜீனில் அவற்றுக்குக் கோளாறே கிடையாது. அதிலிருந்து சுமார் பத்து லட்சம் எழுத்துகள் தள்ளி, அந்த ஜீன் எங்கே இயங்கலாம் என்று தீர்மானிக்கிற ஒரு பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. கருவில், கால் அரும்பின் சுண்டுவிரல் ஓரத்தில் மட்டும் எழ வேண்டிய சமிக்ஞை, மௌனமாக இருக்கவேண்டிய கட்டைவிரல் ஓரத்திலும் எழுந்துவிடுகிறது. என் மொழிபெயர்ப்பிலும் கடைசி வாக்கியத்தில் பிழை இல்லை. பல பாராக்களுக்கு முன்னால் ஒரு சொல்லில் இருக்கிறது. நண்பருக்குத் தட்டுப்பட்டது கடைசி வாக்கியத்தில்.

திருத்துவது சுலபமில்லை. எல்லா இடத்திலும் ‘பூனை’ என்று போட்டால் சந்தேகம் காப்பாற்றப்படும். அவள் குரல் குழந்தைக்குரலாகும் கணம் செத்துவிடும். அந்தக் கணம்தான் அவளுடைய தனிமை முழுவதும். ‘பூனைச் செல்லம்’ சகிக்கவில்லை. இந்தப் பெண்ணிடம் ‘பூஸி’ விபரீதம். ‘குட்டி’ தமிழில் செல்லமும்தானே என்று இன்னொரு நண்பர் வாதாடினார். மனிதரை அழைக்கும்போது சரி. பூனையோடு சேர்ந்ததும் அது வயதைத்தான் சொல்கிறது.

ஆறுவிரல் பூனையை எனக்குப் பிடிக்கிறது. அந்த விரலால் அதற்குப் பெரும்பாலும் தொந்தரவில்லை; சில சமயம் நகம் வளைந்து சதையில் குத்தும், வெட்டிவிடவேண்டும். கதை விஷயத்தில் அவ்வளவு தாராளம் எனக்கு வரவில்லை. அச்சுக்குக் கொடுத்த பிரதியில் ‘பூனை’ என்றே மாற்றியிருக்கிறேன். அவள் பேசும் வரிகளில் வாக்கியத்தைக் குறுக்கி, ‘அந்தப் பூனை’, ‘அந்தப் பூனை’ என்று இரண்டு தரம் சொல்லவைத்திருக்கிறேன். அந்தத் திரும்பச் சொல்லல் மூலத்தில் இல்லை. ப்ரூஃப் வரும்வரை யோசிக்க அவகாசம் இருக்கிறது.